நோட்டீஸ்காரருக்கு ஓர் இரங்கல் தீர்மானம்

அப்பா இறந்துபோன செய்தியை அப்பாதான் எனக்குப் படித்துக் காட்டினார்.

இரவு வேலை முடிந்து காலையில் வீட்டுக்குள் நுழைந்தேன். சமையலறை மேசையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. கோபம் வந்தால் அது அங்கேதான் போய் உட்காரும்.

“படுபாவிங்க, கடைசி மூணு வரியை வெட்டிட்டானுங்கடா.”

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள். “ஆளே செத்துட்டார்னு போட்டிருக்கான். அது பெருசாத் தெரியல. மூணு வரி போனதுதான் இழவு.”

பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். ‘மறைவு’ என்ற பத்தியில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் ஒரு மருந்துக்கடைக்காரருக்கும் நடுவில் அப்பாவின் பெயரோடு இருந்தது. கவிஞர் இன்று அதிகாலை காலமானார், மனைவியும் ஒரு மகனும் உள்ளனர், சடங்குகள் எதுவும் இல்லை, வீட்டுக்கு யாரும் வர வேண்டாம்.

“இது நீங்க அனுப்பினதா?”

“ஞாயிறு மலருக்கு அனுப்பினேன். கவிதை. தலைப்பு ‘மறைவு’. எந்தக் கழுதை இதை எடுத்துட்டுப் போய் விளம்பரப் பிரிவுல குடுத்துச்சோ. வெட்டின வரி என்ன தெரியுமா?” எழுந்து நின்று சொன்னார். உட்கார்ந்தபடி அவர் கவிதை சொல்லி நான் பார்த்ததில்லை.

“அவரைத் தெரிந்தவர்கள்
தெரியாததுபோல் இருந்த பழக்கத்தைத் தொடரலாம்.
நாளையும் அவர் தேநீர்க் கடைக்கு வருவார்.”

“இந்த மூணும் இல்லேன்னா அது வெறும் மரண அறிவிப்புடா.”

“அதனாலதான் மரண அறிவிப்புல போட்டிருக்கான்” என்றேன்.

அப்பாவின் கவிதைகள் எல்லாமே அறிவிப்புகள்தான். காணவில்லை, வாடகைக்கு விடப்படும், இவ்வழி செல்லாதே, மின்தடை, தேர்வு ஒத்திவைப்பு. நாற்பது வருடமாக வேறு எதுவும் எழுதவில்லை. நிலவையும் காதலையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், மனிதர்கள் நின்று படிப்பது சுவரில் ஒட்டியிருப்பதை மட்டும்தான் என்பது அவருடைய வாதம். ஊரில் அவருக்கு நோட்டீஸ்காரர் என்று பெயர். பாராட்டி வைத்த பெயர் அல்ல.

அந்தப் பெயருக்குக் காரணம் தண்ணீர் அறிவிப்பு. அப்போது அவர் குடிநீர் அலுவலகத்தில் தட்டச்சர். மேட்டுத் தெருவில் செடிகளுக்குத் தண்ணீர் போகும், பள்ளத் தெருவில் குடிக்க வராது. மனுக்களைத் தட்டச்சு செய்து செய்து அலுத்துப்போன ஒரு நாள், அலுவலகத் தாளிலேயே ஒரு கவிதையை அடித்து, வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையில் தன் கையாலேயே ஒட்டினார்.

“பொது அறிவிப்பு.
நாளைக் காலை முதல்
மேட்டுத் தெருவின் தண்ணீர் பள்ளத் தெருவுக்கும் வரும்.
அதே நிறம். அதே வேகம்.
குடம் இருப்பவர்கள் குடத்தோடு வரவும்.
இல்லாதவர்கள் கைகளோடு வரவும்.
தண்ணீர் வராவிட்டால்
யாரும் வீடு திரும்ப வேண்டாம்.”

மறுநாள் பள்ளத் தெருவே குடங்களோடு வந்து நின்றது. தண்ணீர் வரவில்லை. யாரும் வீடு திரும்பவும் இல்லை. மூன்றாம் நாள் யாரோ ஒருவன் கல்லெறிந்தான். கண்ணாடி உடைந்து, உள்ளே நின்ற காவலாளிக்கு ஒரு கண் மங்கிப்போனது. பிறகு பள்ளத் தெருவுக்குக் குழாய் போட்டார்கள். அப்பாவுக்கு வேலை போனது. இலக்கியக் கழகம் அவரை நீக்கியது. ‘கவிதையைச் சுவரொட்டியாக்கி, சுவரொட்டியைக் கலவரமாக்கியவர்’ என்று தீர்மானம் போட்டார்கள். அவருடைய ஒரே புத்தகம் நூலகத்திலிருந்து எடுக்கப்பட்டது. வேறு யாரும் அதை அச்சிடவில்லை. காவலாளியைப் பற்றி அப்பா வீட்டில் பேச மாட்டார். மருத்துவமனைக்கு அம்மாதான் சாப்பாடு கொண்டுபோனாள்.

இந்தக் கதையை ஊரில் பாதிப் பேர் அவருக்குப் பெருமையாகவும் பாதிப் பேர் அவமானமாகவும் சொல்வார்கள். கவிதையைப் படித்தவர்கள் மட்டும் இரண்டு பக்கத்திலும் குறைவு.

அப்பா பத்திரிகை ஆபீசுக்கு ஃபோன் போடப் போவதாகச் சொன்னார். முதலில் குளித்துவிட்டு வாருங்கள் என்று அம்மா துண்டைத் தூக்கிப் போட்டாள். அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினதும் வாசலில் மணி அடித்தது.

கழகத்தின் செயலாளர். சின்ன வயசுப் பெண். கறுப்புப் புடவை, கையில் கோப்பு, கண் கலங்கியிருந்தது.

“வர வேண்டாம்னு போட்டிருந்தது. மனசு கேக்கலம்மா” என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. “அய்யோ, அவர் உள்ளதான்...” என்று ஆரம்பித்தாள்.

“தலைவர் ஐயா காலைலேயே கூப்பிட்டாரும்மா. சாயங்காலம் நூலகக் கூடத்துல இரங்கல் கூட்டம். அவரே தீர்மானம் கொண்டுவரார். நீக்கினதை ரத்து பண்றோம். புத்தகம் மறுபடி நூலகத்துக்கு வருது. கழகமே புதுசா அச்சுப் போடுது.”

அம்மா வாயை மூடிக்கொண்டாள். எனக்குத் தெரிந்து ஒரு வாக்கியத்தை அவள் பாதியில் விட்டது அன்றுதான்.

குளியலறையில் வாளி சரிந்த சத்தம் கேட்டது. தொடர்ந்து இருமல்.

“உள்ள யாரும்மா?”

“தண்ணி வேலை நடக்குதும்மா” என்றாள் அம்மா.

செயலாளர் புரிந்துகொண்டதுபோலத் தலையாட்டினாள். “இந்த நேரத்துலயா பிளம்பர் வரணும்” என்று பெருமூச்சு விட்டாள். உள்ளே பிளம்பர் உரக்கத் தொண்டையைச் செருமினார். நான் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

அவள் போன பிறகு மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். விஷயம் எளிது. கழகத் தலைவரும் அப்பாவும் ஒருகாலத்தில் ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள். கழகத்தை ஆரம்பித்ததே அந்த இருவர்தான். தலைவருக்குக் குரல் அப்படி, மணி அடித்ததுபோல இருக்கும். அதனால் எல்லோரும் அவரை வெண்கலம் என்பார்கள். அப்பாவை நீக்கும் தீர்மானத்தை முன்மொழிந்ததும் அந்த வெண்கலம்தான். உயிரோடு இருக்கும் நோட்டீஸ்காரருக்கு அவர் ஒரு காகிதத் துண்டுகூடக் கொடுக்க மாட்டார். செத்தவருக்கு ஒரு புத்தகமே கொடுக்கிறார்.

“நான் போய் முகத்துக்கு நேரா நின்னு சிரிச்சுட்டு வரேன்” என்றார் அப்பா.

“சிரிங்க. அப்புறம் புத்தகத்தை மறந்துடுங்க” என்றாள் அம்மா. “சாயங்காலம் வரைக்கும் செத்துக் கிடந்தா என்ன குறைஞ்சு போயிடும் உங்களுக்கு? இத்தனை வருஷமா உயிரோட இருந்து என்ன கிழிச்சீங்க?”

அப்பா யோசித்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. “மௌன அஞ்சலி வரைக்கும்தான்” என்றார் மெதுவாக. “கழக விதிப்படி இரங்கல் தீர்மானத்துக்கு ஓட்டு கிடையாது. எல்லாரும் எழுந்து நின்னு மௌனமா இருந்துட்டா நிறைவேறினதா அர்த்தம். அதுக்கப்புறம் எவனாலயும் திரும்ப எடுக்க முடியாது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“விதியை எழுதினதே நான்தானே. ஒருத்தன் செத்தன்னிக்கு எல்லாரும் நல்லவங்களாயிடுறாங்க. மறுநாள் தெளிஞ்சுடுவாங்க. அதான் அப்படி எழுதினேன்.”

ஆக, அவர் அந்த மௌனம் முடியும்வரை செத்திருக்க வேண்டும். வீட்டிலேயே இருங்கள் என்றோம். தன் இரங்கல் கூட்டத்தைத் தவறவிடுகிற கவிஞன் உலகத்திலேயே கிடையாது என்றார். என் குளிர்த் தொப்பியைப் போட்டு, முகத்துக்கு ஒரு மாஸ்க் மாட்டி, கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்காரவைப்பது என்று முடிவானது.

“வாயைத் திறந்தீங்க, நிஜமாவே செத்துடுவீங்க” என்றாள் அம்மா.

நூலகக் கூடம் நிரம்பியிருந்தது. கழகக் கூட்டங்களுக்கு முதல் இரண்டு வரிசை நிறைந்தாலே அதிசயம் என்பார்கள். அன்று சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். பள்ளத் தெருவிலிருந்து ஒரு கூட்டமே வந்திருந்தது, பெரும்பாலும் வயதான பெண்கள். அப்பா காலையில் போகாத தேநீர்க் கடையின் முதலாளி கடையையே சாத்திவிட்டு வந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். மேடையில் அப்பாவின் பழைய புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அதில் அவருக்குத் தலைநிறைய முடி.

அம்மாவை முதல் வரிசைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அப்பாவும் நானும் தூணுக்குப் பின்னால்.

முதலில் பேசியவர் ஒரு விமர்சகர். அப்பாவின் புத்தகத்துக்கு ‘குப்பைத்தொட்டியில் ஒட்ட வேண்டியவை’ என்று மதிப்புரை எழுதியவர். “அவர் காலத்துக்கு முன்னால் பிறந்துவிட்டார். நாம்தான் தாமதமாக வந்தோம்” என்று தழுதழுத்தார்.

“இவன் என் கல்யாணத்துக்கே தாமதமாத்தான் வந்தான்” என்று மாஸ்க்குக்குள் முணுமுணுப்பு.

“அப்பா.”

அடுத்தவர் மரபுக் கவிஞர். இரவு முழுக்கத் தூங்காமல் எழுதியதாகச் சொல்லி இரங்கற்பா ஒன்றைப் பாடினார். அறிவிப்பு வந்ததே அன்று காலைதான். இதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பாட்டில் அப்பா சூரியனாகவும் சிங்கமாகவும் ஆலமரமாகவும் வந்தார். அப்பா பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. திட்டும்போதுகூட இவ்வளவு மோசமாக யாரும் திட்டியதில்லை என்று பிறகு சொன்னார்.

அப்புறம் வெண்கலம் எழுந்தார்.

கிழவராகிவிட்டார். கைத்தடி ஊன்றித்தான் ஒலிவாங்கிவரை வந்தார். ஆனால் வாயைத் திறந்ததும் கூடம் அடங்கியது. நீக்கியது தவறு என்று சொல்லவில்லை. “கசப்பான காலம், கடந்துவிட்டோம்” என்றார். தன் நண்பன் மென்மையானவன், யாருக்கும் தீங்கு நினைக்காதவன், அவன் கவிதையைச் சில முரடர்கள் தவறாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்றார். அதற்குச் சான்றாக அந்தக் கவிதையையே இப்போது படிக்கப்போவதாகச் சொன்னார்.

படித்தார். பொது அறிவிப்பு. நாளைக் காலை முதல். அந்தக் குரலில் ஒவ்வொரு சொல்லும் பாத்திரத்தில் விழுந்த காசுபோலத் தனித்தனியாகக் கேட்டது. ‘இல்லாதவர்கள் கைகளோடு வரவும்’ என்று முடித்து, தாளை மடித்தார். கூடம் கைதட்டியது.

அப்பா பாதி எழுந்துவிட்டார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். கிழவருக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

“முழுங்கிட்டான்டா. கடைசி வாக்கியத்தை முழுங்கிட்டான்.”

“உட்காருங்க. நீங்க செத்துட்டீங்க.”

“அது இல்லேன்னா அது கவிதையே இல்ல. வெறும் ஆசை.”

பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். “தாத்தாவுக்கு ரொம்ப வேண்டியவரா?” என்று அனுதாபமாகக் கேட்டார். ஆமாம், ரொம்ப நெருக்கம் என்றேன்.

செயலாளர் தீர்மானத்தைப் படித்தாள். நீக்கம் ரத்து. நூலகத்தில் புத்தகம். கழக வெளியீடாக, ‘தலைவர் தேர்ந்தெடுத்துத் திருத்திய கவிதைகள்’.

அப்பா பிறகு அசையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பேசாமல் இருந்தால் வால் வெட்டின புத்தகம். எழுந்தால் ஒன்றுமே இல்லை. எழுபது வயதுக்கு மேல் வேறு பதிப்பாளரைத் தேடிப் போக அவருக்கு எத்தனை கால்கள் இருக்கின்றன? என் பிடியிலிருந்து கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். எழுந்திருக்கப் போகிறார் என்று தெரிந்தது. நான் தடுக்கவில்லை.

அவருக்கு முன்னால் அம்மா எழுந்துவிட்டாள்.

“குடும்பத்து சார்பா ரெண்டு வார்த்தை பேசலாமா?” என்று செயலாளரிடம் கேட்டாள். இரங்கல் கூட்டத்தில் அப்படிக் கேட்கிறவளை யார் மறுப்பார்கள்? வெண்கலமே தன் இடத்தை விட்டு விலகி நின்றார்.

அம்மா மேடையில் ஏறியதே கிடையாது. ஒலிவாங்கியைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு அதற்குப் பக்கவாட்டில் நின்று பேசினாள்.

“எனக்குப் பேசத் தெரியாதுங்க. அவர் எழுதினதுல ஒண்ணுகூட நான் படிச்சதில்ல. அவர் எழுதினதால வந்ததை மட்டும்தான் அனுபவிச்சேன். அதுவே போதும்னு இருந்துட்டேன்.”

கூடத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள்.

“அவர் இப்போ பேச முடியாத நிலைமையில இருக்கார். அதனால நான் சொல்றேன். இன்னிக்குக் காலைல அவர் என்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். வரியை வெட்டக் கூடாதுன்னார்.”

கடைசி வார்த்தை! கூடம் முழுக்க ஒரு மூச்சு உள்ளே போனது. தேநீர்க் கடைக்காரர் வாய்விட்டு அழுதார்.

“தலைவர் திருத்தினதுன்னு படிச்சீங்க. இவர் உயிரோட இருக்கும்போது ஒருத்தராலயும் இவரைத் திருத்த முடியல. நானே முயற்சி பண்ணித் தோத்தவ. நீங்க எதுக்கு மெனக்கெடணும்? எல்லாத்தையும் போடுங்க. ஒரு வரி விடாமப் போடுங்க. ஐயா சரின்னு சொல்லிட்டா நான் இறங்கிடறேன்.”

அவள் இறங்கவில்லை. வெண்கலத்தைப் பார்த்தபடி நின்றாள். கூடமும் அவரைப் பார்த்தது. பள்ளத் தெருப் பெண்களில் ஒருத்தி, “சரின்னு சொல்லுங்களேன் ஐயா, அவங்க எவ்வளவு நேரம் நிப்பாங்க” என்று குரல் கொடுத்தாள்.

“அப்படியே ஆகட்டும்” என்றார் வெண்கலம். அவருடைய குரல் அவ்வளவு சின்னதாக ஆகும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

செயலாளர் பேனாவால் அடித்துத் திருத்தி உரக்கப் படித்தாள். “கவிதைகள் அனைத்தும், ஒரு வரியும் விடாமல்.” பிறகு எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னாள்.

நின்றோம். அப்பாவும் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார், தனக்கே மரியாதை செய்ய. அந்த நேரம் பார்த்து அவருக்கு இருமல் வந்தது. நெஞ்சில் ஏறுவதைப் பார்த்தேன். கன்னம் உப்பியது, கண்ணில் நீர் முட்டியது. காலையில் குளியலறையிலிருந்து அந்த இருமலைக் கேட்ட அதே செயலாளர் மேடையில் தலைகுனிந்து நின்றாள். இவர் ஒருமுறை இருமினால் போதும். அவர் என் தோளைப் பிடித்து நசுக்கினார். எங்கேயோ ஒரு ஃபோன் அடித்து அணைந்தது. இருமல் வந்த வழியே இறங்கிப்போனது.

“நன்றி. தீர்மானம் நிறைவேறியது. அமரலாம்.”

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அப்பா உட்காரவில்லை.

“பின்னால நிக்கிற பெரியவர் உட்காரலாம்” என்றார் வெண்கலம்.

“ஒரு சின்னத் திருத்தம் இருக்கு” என்று அப்பா மாஸ்க்கைக் கழற்றினார்.

முதலில் கத்தியது மரபுக் கவிஞர்தான். நாற்காலிகள் சரிந்தன. தேநீர்க் கடைக்காரர் அழுகையை நிறுத்தாமலே சிரித்தார், அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. விமர்சகர் வாசலைப் பார்த்து நகர்ந்தார், அங்கே பள்ளத் தெருக்காரர்கள் வழியை அடைத்துக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நீ செத்துட்ட” என்றார் வெண்கலம் ஒலிவாங்கியிலேயே.

“பத்திரிகைக்காரன் சொன்னான். நீ நம்பின. என்னை ஒருத்தரும் கேக்கல.”

“இது மோசடி! தீர்மானம் செல்லாது!” கைத்தடியைத் தரையில் தட்டினார். “செயலாளர், ரத்துன்னு எழுதும்மா.”

செயலாளர் எழுதவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள். “பிளம்பர்?” என்றாள். அம்மா வெட்கப்பட்டு முந்தானையைச் சரிசெய்தாள். செயலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோப்பிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தாள். “ஐயா, மௌன அஞ்சலியோடு நிறைவேறிய இரங்கல் தீர்மானத்தை எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறலாகாது.”

“அது செத்தவங்களுக்கு!”

“செத்திருக்கணும்னு விதியில இல்லீங்க ஐயா.”

கூடம் வெடித்தது. சிரித்துச் சிரித்து ஒருவர் நாற்காலியிலிருந்து நழுவிவிட்டார். அப்பா அதற்குள் நடந்து மேடைக்கு வந்திருந்தார். பெரிதாக்கிய புகைப்படத்துக்குப் பக்கத்தில் நின்றபோது இன்னும் குள்ளமாகத் தெரிந்தார்.

“எல்லாரும் நல்லாப் பேசினீங்க. என்னை மென்மையானவன்னு சொன்னீங்க” என்றார். “அதுக்காக ஒரு வாக்கியத்தை எடுத்துட்டீங்க. அந்த வாக்கியத்தை நான் தெரிஞ்சுதான் எழுதினேன். ஜனங்க வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு நினைச்சுத்தான் எழுதினேன். அதனாலதான் குழாய் வந்துச்சு. அதனாலதான் ஒரு மனுஷனுக்குக் கண் போச்சு. ரெண்டும் என்னோடதுதான். கண்ணை விட்டுட்டுக் குழாயை மட்டும் நான் வாங்கிக்க முடியாது. வரியை வெட்டி என்னை நல்லவனாக்காதீங்க.”

முதல் வரிசையில் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அவளும் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டாள்.

அப்பா வெண்கலத்தின் பக்கம் திரும்பினார். “மீதியைப் படிடா.”

“நீயே படிச்சுக்கோ.”

“என் குரல்ல அது நோட்டீஸ்தான். உன் குரல்லதான் கவிதையாகுது. அன்னிக்கே உன்கிட்டக் குடுத்திருக்கணும். படி.”

வெண்கலம் நெடுநேரம் அவரையே பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. மடித்த தாளைப் பையிலிருந்து எடுத்தார், விரிக்கவில்லை. மனப்பாடமாகவே சொன்னார். இத்தனை வருடமும் அவருக்கு அது மனப்பாடம்.

“தண்ணீர் வராவிட்டால், யாரும் வீடு திரும்ப வேண்டாம்.”

கூரை அதிர்ந்தது என்று எழுதினால் மிகை. ஆனால் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்ததை நான் பார்த்தேன். பள்ளத் தெருக் கூட்டம் எழுந்துவிட்டது. அவர்களைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். கைதட்டல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாது. ஒரு கட்டத்தில் வெண்கலமும் தட்டிக்கொண்டிருந்தார். கைத்தடி கீழே கிடந்தது. அப்பா குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

“நீ செத்தே இருந்திருக்கலாம்டா” என்றார் வெண்கலம்.

“முதல்ல அச்சகத்தைப் பேசி முடி. அப்புறம் பார்க்கலாம்.”

புத்தகம் மழைக்காலத்தில் வந்தது. அச்சகத்தோடு அப்பா போட்ட சண்டைகளைத் தனிப் புத்தகமாகப் போடலாம். அட்டை நிறத்துக்கு ஒன்று, ஓரத்தில் விட்ட இடத்துக்கு ஒன்று. பத்திரிகை வெட்டிய மூன்று வரிகளும் அதில் இருந்தன. ஞாயிறு மலர் முழுப்பக்கம் எழுதியது. ‘சமூகப் பொறுப்பற்ற எழுத்து’ என்று இன்னொரு பத்திரிகை அரைப்பக்கம் திட்டியது. அப்பா இரண்டாவதைத்தான் வெட்டி வைத்துக்கொண்டார்.

நூலகத்தில் புத்தகத்தை அடுக்கின அன்று அம்மா தானே போய் உறுப்பினர் அட்டை வாங்கினாள். வீட்டில் ஒரு கட்டு கிடக்கிறதே என்றேன். அதைப் படித்தால் இவர் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருப்பார், நிம்மதியாகப் படிக்க முடியாது என்றாள். ஜன்னலோர மேசையில் அவள் படித்துக்கொண்டிருக்க, அப்பா வெளியே மழைக்குக் குடை பிடித்தபடி அங்குமிங்கும் நடந்தார். தேர்வு எழுதப் போன பிள்ளைக்காகக் காத்திருக்கும் தகப்பன்மாதிரி இருந்தது. பதற்றமெல்லாம் அவருக்குத்தான்.

அவள் வெளியே வந்ததும் ஓடிப்போய்க் குடையை நீட்டினார்.

“எப்படி?”

“பாதி புரியல. மீதி எனக்கு ஏற்கனவே தெரிஞ்சதுதான்.”

“முழுசாப் படிச்சியா?”

“எங்க படிக்க விட்டாங்க? பின்னாடியே ரெண்டு பொண்ணுங்க வந்து நின்னுக்கிட்டு, பாட்டி முடிச்சுட்டீங்களா, பாட்டி முடிச்சுட்டீங்களான்னு உயிரை எடுத்தாளுங்க. குடுத்துட்டு வந்துட்டேன்.”

அப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். இரண்டு பெண்களும் ஒரே நாற்காலியில் நெருக்கி உட்கார்ந்து, ஒருத்தி படிக்க இன்னொருத்தி பக்கத்தைத் திருப்பக் காத்திருந்தாள். அவர் அங்கேயே நின்றுவிட்டார். குடை அம்மாவின் தலைக்கு மேலிருந்து விலகிப்போனதுகூடத் தெரியவில்லை.

“நனையறேன்” என்றாள் அம்மா.

“இரு, அடுத்த பக்கம் திருப்பப் போறா” என்றார் அப்பா.